மோட்டார் சைக்கிளுக்கு ரேடார் டிடெக்டர்: எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது?

வல்லைவெளிக் காற்று எழுதியது:

வணக்கம். நெல்லியடியில் இருந்து தினமும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். கொடிகாமம் வரைக்கும் உள் வீதி, அதற்குப் பிறகு ஏ9 நெடுஞ்சாலை. வண்டி யமஹா எஃப்இசட். போன மாதம் மட்டும் இரண்டு தரம் வேகத்துக்குத் தண்டம் எழுதிவிட்டார்கள். காசு ஒரு பக்கம். தபாற்கந்தோரில் வரிசையில் நின்று கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி லைசன்ஸைத் திருப்பி எடுக்க அரை நாள் லீவு போகிறது. இரண்டு முறையும் நான் பொலிஸைக் காண முதல் அவர்கள் என்னைக் கண்டுவிட்டார்கள். ஒரு தரம் மர நிழலில் நின்றார்கள், மற்றத் தரம் நிறுத்தி வைத்த லொறிக்குப் பின்னால்.

ரொறொன்ரோவில் இருக்கும் சித்தப்பா, தன்னிடம் ஒரு ரேடார் டிடெக்டர் சும்மா கிடக்கிறது, அனுப்பி விடவா என்று கேட்கிறார். காருக்கு வந்த சாமான், பொலிஸின் வேக ரேடார் அலை பட்டால் முன்கூட்டியே சத்தம் போடும். அதை பைக்கில் பூட்டலாமா? மழைக்குத் தாங்குமா? ஹெல்மெட்டுக்குள் சத்தம் கேட்குமா? வேறு புதிதாக வாங்குவதென்றால் எது நல்லது? பாவித்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

---

பனங்காட்டான் எழுதியது:

தம்பி, நான் லண்டனில் பதினொரு வருடம் பைக் ஓடினேன். அதில் ஆறு வருடம் டிடெக்டர் பூட்டி ஓடியிருக்கிறேன். அங்கே அதை வைத்திருப்பதும் பாவிப்பதும் குற்றமில்லை. கேட்ட கேள்விகளுக்கு என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

காருக்குச் செய்த டிடெக்டர் கண்ணாடிக்குப் பின்னால், நனையாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது. எஸ்கோர்ட், யூனிடென், வலன்டைன் வன் எல்லாம் நல்ல கருவிகள்தான், ஆனால் மழைக்கான உடம்பு அவற்றுக்கு இல்லை. மோட்டார் சைக்கிளுக்கென்றே தண்ணீர் புகாதபடி செய்த அடாப்டிவ் டிபிஎக்ஸ் என்று ஒன்று இருந்தது. மற்றபடி காரில் வைப்பதைத்தான் பைக்காரர் ஏதாவது பெட்டிக்குள் போட்டுப் பாவிப்பார்கள். நான் டாங்குக்கு மேலே வைக்கும் பையின் பிளாஸ்டிக் பொக்கெட்டுக்குள் முதலில் வைத்தேன். அது பிழை. முன்னால் ஹாண்டிலும் மீற்றரும் இரும்பும் மறைத்துக்கொண்டு நின்றன. ரேடார் பிளாஸ்டிக்கை ஊடுருவும், உலோகத்தை ஊடுருவாது. பின்னால் இருந்து வருவதை நம் உடம்பே மறைத்துவிடும், ஏனென்றால் மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். பிறகு மீற்றருக்கு மேலே, காற்றுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாங்கி வைத்துப் பூட்டியதும்தான் உருப்படியாக வேலை செய்தது.

சத்தம் நாற்பதுக்கு மேல் போனால் கேட்காது. காற்றுச் சத்தத்தில் எல்லாம் அடிபட்டுப் போகும். வெளிச்சமும் மத்தியான வெயிலில் தெரியாது. இயர்போன் ஒன்றைக் காதில் வைத்து, அதற்கு மேலே ஹெல்மெட்டை இறுக்கிப் போட்டால் கேட்கும். இப்போது வரும் சிலவற்றில் புளூடூத் இருக்கிறது, போன் வழியாக ஹெல்மெட் ஸ்பீக்கருக்கு எடுக்கலாம். ஆனால் ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஆறு வருடத்தில் அது சரியான நேரத்தில் சொன்ன தடவைகளை விட, ஒன்றும் இல்லாத இடத்தில் கத்தின தடவைகள்தான் அதிகம். கடைசி வருடம் கழற்றி வைத்துவிட்டேன்.

---

கோண்டாவில் வயர்மன் எழுதியது:

வாங்குவதா இல்லையா என்பதை மற்றவர்கள் பேசட்டும். வயர் இழுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் சாமான் கருகுகிறது. டிடெக்டரோ, போன் சார்ஜரோ, ஜிபிஎஸ்ஸோ, எல்லாவற்றுக்கும் கதை ஒன்றுதான்.

நிறையப் பேர் ஹெட்லைட் வயரில் இருந்து கரண்ட் எடுக்கிறார்கள், கிட்ட இருக்கிறது என்பதால். பழைய 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பற்றரியில் எரிவதில்லை. என்ஜினுக்குள் இருக்கும் கொயிலில் இருந்து நேரே ஏசி கரண்ட் போகிறது. அதனால்தான் வண்டி நிற்கும்போது வெளிச்சம் மங்கி, ரேஸ் பண்ணும்போது கூடுகிறது. அந்த வயரில் 12 வோல்ட் டிசி சாமானைக் கொழுவினால் போச்சு. போன கிழமை ஒரு பெடியன் கொண்டுவந்த போன் சார்ஜரைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கப்பாசிட்டர் வயிறு ஊதி, பலகையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குக் கறுப்பு. காரணம் இதுதான்.

சரியான வழி: ஹோர்னுக்கோ பிரேக் லைட் சுவிச்சுக்கோ வரும் வயரைப் பாருங்கள். திறப்புப் போட்டால் மட்டும் வரும், பற்றரியில் இருந்து வரும் டிசி அது. மல்டிமீற்றரை டிசியில் வைத்துப் பார்த்து 12க்கு மேல் அசையாமல் நிற்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். அதில் இருந்து எடுத்து, எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 1 அல்லது 2 அம்பியர் பியூஸ் போடுங்கள். பியூஸ் சாமானுக்குப் பக்கத்தில் இருந்து பிரயோசனமில்லை. இடையில் வயர் ஹாண்டிலுக்குள் நசுங்கினால் எரிவது வயர்தானே. ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்து, வயர் இழுபடவில்லை என்ற பிறகு கட்டுங்கள்.

அதிர்வுக்கு, தாங்கிக்கும் ஹாண்டிலுக்கும் இடையில் பழைய ரியூப்பில் வெட்டின ரப்பர் இரண்டு சுற்றுப் போதும். ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் இறுக்கிப் பூட்டினால் உள்ளே ஈய ஒட்டுகள் வெடிக்கும். போனையும் நேரே ஹாண்டிலில் பூட்டாதீர்கள். பைக் அதிர்வால் கமரா பழுதாகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது.

---

ரொறொன்ரோ மச்சான் எழுதியது:

சித்தப்பாவிடம் ஒரு சாமான் சும்மா கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரொறொன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ரேடார் டிடெக்டரைப் பாவிப்பது மட்டுமல்ல, வாகனத்துக்குள் வைத்திருப்பதே குற்றம். நிறுத்தினால் பறித்துவிடுவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேட்டா, சஸ்காச்சுவான் ஆகிய மூன்று மாகாணங்களில் மட்டும் பிரச்சினை இல்லை. பிரான்சிலும் சுவிசிலும் தடை. எங்கள் சனம் இருக்கும் பாதி நாடுகளில் அதை ஊருக்கு அனுப்புகிற யோசனை வருவது இதனால்தான்.

மூடி வைத்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கவும் வேண்டாம். டிடெக்டரும் ஒரு ரேடியோ ரிசீவர்தான், அதற்குள்ளே தானாக ஒரு அலையை உருவாக்கித்தான் வருகிற அலையோடு கலக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு வெளியே கசியும். அந்தக் கசிவைப் பிடிக்கும் கருவி இங்கே பொலிஸிடம் இருக்கிறது.

---

ஆனையிறவு உப்பு எழுதியது:

எல்லாரும் வேண்டாம் என்கிற மாதிரிச் சொல்கிறீர்கள். நான் சீனச் சாமான் ஒன்று ஒன்லைனில் எடுத்து எட்டு மாதமாகப் பாவிக்கிறேன். பரந்தனுக்குக் கிட்ட இரண்டு தரம் கத்தியது. குறைத்துப் போனேன், இரண்டு தரமும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அது போதும். தம்பி, சித்தப்பா தருவதை வாங்கிப் பூட்டுங்கள்.

---

கொக்குவில் பௌதிகம் எழுதியது:

ஆனையிறவு அண்ணா, அந்த இரண்டு தரமும் அங்கே பொலிஸ் நின்றதைக் கண்டீர்களா? திரையில் என்ன எழுத்து வந்தது, கே-யா, எக்ஸ்-ஆ, லேசரா? இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேடார் துப்பாக்கி ரேடியோ அலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்க்கிறது. டொப்ளர் விளைவு, உயர்தரத்தில் படித்ததுதான். ரேடார் பாவிக்கும் அதிர்வெண் வரிசையைப் பட்டை என்போம். கே பட்டை என்றால் 24.15 கிகாஹேர்ட்ஸ். அதில் மணிக்கு ஒரு கிலோமீற்றர் வேகத்துக்கு ஏறத்தாழ 45 ஹேர்ட்ஸ் மாற்றம் வரும். 60இல் வருகிற வண்டிக்கு 2,700 ஹேர்ட்ஸ் அளவு. எக்ஸ் பட்டை 10.525, கேஏ பட்டை 33.4 முதல் 36 வரை. இந்த அலை கூம்பு மாதிரி விரியும். 12 பாகை விரியும் துப்பாக்கி என்றால் 300 மீற்றர் தூரத்தில் அது 60 மீற்றருக்கு மேல் அகலம். வீதி, வேலி, வளவு, பனை எல்லாவற்றிலும் பட்டுச் சிதறும். முன்னால் போகிற பஸ்ஸை அளக்கும்போதே அந்தச் சிதறல் பின்னால் ஒரு கிலோமீற்றரில் வருகிற உங்கள் டிடெக்டருக்கு எட்டிவிடும். டிடெக்டர் உயிர் வாழ்வதே இந்தச் சிதறலில்தான்.

லேசர் துப்பாக்கி வேறு சாதி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, 905 நனோமீற்றர் அளவில், துடிப்புத் துடிப்பாக அனுப்பி அது போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. தூரம் எப்படிக் குறைகிறது என்பதில் இருந்து வேகம். முழு அளவீடும் அரை செக்கனுக்குள் முடிந்துவிடும். 300 மீற்றரில் அந்தக் கதிரின் அகலம் ஏறத்தாழ 90 சதம மீற்றர். அதாவது உங்கள் ஹாண்டிலை விடக் கொஞ்சம் கூட. ஹெட்லைட்டுக்கோ முன் நம்பர் பிளேட்டுக்கோ குறி வைத்து அமத்துகிறார்கள். சிதறல் கிடையாது. முன்னால் போனவனை அளந்தது உங்களுக்குத் தெரிய வராது. உங்கள் டிடெக்டர் "லேசர்" என்று கத்தினால், அது எச்சரிக்கை இல்லை, உங்கள் வேகம் அங்கே திரையில் எழுதியாகிவிட்டது என்ற செய்தி.

ஏ9இலும் பலாலி வீதியிலும் நான் கண்ட துப்பாக்கிகள் எல்லாம் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணாடி வழியாகக் குறி பார்த்து அமத்துகிற வகை. கூம்பாக விரிகிற ரேடாருக்கு அப்படி ஒரு கண்ணை மூடிக் குறி பார்க்கத் தேவையில்லை. ஆகவே இங்கே எதிர்கொள்வது லேசரை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் பரந்தனில் கத்தியது எது? கே பட்டையில் பொலிஸ் மட்டும் இல்லை. தானாகத் திறக்கிற கடைக் கதவுகளுக்கு மேலே இருக்கிற சென்சர் பலதும் அதே 24 கிகாஹேர்ட்ஸ்தான். பக்கத்தில் வாகனம் வந்தால் கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரிகிற கார்கள் இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றின் பின் பம்பருக்குள் இருக்கிற சென்சரும் அதே பட்டை. அப்படி ஒரு கார் உங்களுக்கு முன்னால் போனால் கிளிநொச்சி வரைக்கும் டிடெக்டர் ஓயாது. யாழ் ஆஸ்பத்திரி வீதியால் ஒரு தரம் போய்ப் பாருங்கள்.

---

ஆனையிறவு உப்பு எழுதியது:

நேற்றும் இன்றும் வேண்டுமென்றே கவனித்தேன். கே என்றுதான் வருகிறது. இன்று பரந்தனில் கத்திய இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து பார்த்தேன். பொலிஸ் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாலும் அதே இடத்தில், ஒரு கட்டிடத்துக்கு நேரே கத்துகிறது. கண்ணாடிக் கதவு போட்ட இடம். திரும்பி வரும்போது பளைக்குக் கிட்டத் துப்பாக்கியோடு நின்றார்கள். டிடெக்டர் ஒரு சத்தமும் இல்லை. நான் மெல்லத்தான் வந்தேன், என்னை அளக்கவே இல்லைப் போல. சேர் சொன்னது சரி. எட்டு மாதமாக ஒரு கதவுக்குப் பிரேக் பிடித்திருக்கிறேன். இந்த விளக்கம் முதலே கிடைத்திருந்தால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல ரயர் போட்டிருப்பேன்.

---

கரவெட்டிப் பெடியன் எழுதியது:

ஜாமர் பூட்டினால்? லேசரைக் குழப்புகிற சாமான் விற்கிறார்களே.

---

பனங்காட்டான் எழுதியது:

அதைத் தொடாதீர்கள் தம்பி. டிடெக்டர் கேட்கிறது மட்டும்தான், ஜாமர் பொலிஸின் வேலையை மறிக்கிறது. டிடெக்டரைக் குற்றமென்று சொல்லாத இங்கிலாந்திலேயே ஜாமர் பாவித்தால் நீதியின் போக்கைத் தடுத்ததாக வழக்குப் போகலாம். அப்புறம் இங்கே ரேடியோச் சாதனம் எது இறக்கினாலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி என்ற விஷயம் வரும், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். பார்சல் சுங்கத்தில் நின்றால் சித்தப்பாவின் தபால் காசும் போய், நீங்கள் கொழும்புக்கு அலையவும் வேண்டி வரும். எதையும் வரவழைக்க முதல் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.

---

நீர்வேலி வாழைத்தோட்டம் எழுதியது:

நான் இதற்குள் அதிகம் எழுதுவதில்லை. வயது அறுபத்திரண்டு. பிள்ளைகள் வாசிப்பதால் எழுதுகிறேன்.

என் மகன் மூன்று வருடத்துக்கு முதல் இரவு எட்டரைக்கு வல்லை வெளியால் வந்தான். நேர் வீதி, விளக்கு இல்லை, இரண்டு பக்கமும் வெளி, காற்று வண்டியை இழுக்கும். தம்பியின் பெயரைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவு வந்தது. அன்று பொலிஸ் இல்லை. எண்பதில் வந்ததாகப் பிறகு அவனே சொன்னான். வீதியில் ஒரு கறுத்த மாடு படுத்திருந்தது. மாட்டின் கண் வெளிச்சத்தில் மின்னியதைக் கண்டேன், கண்டதும் நான் கீழே கிடந்தேன் என்றான். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. தட்டும் எட்டு ஆணியும் இன்னும் உள்ளே. மாரி தொடங்கினால் இரவில் எழும்பி இருந்து காலைப் பிடித்துக்கொண்டு இருப்பான். தாய் சுடுதண்ணிப் போத்தலைச் சீலையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்த நேரம் எங்கள் வீட்டில் ஒருவரும் நித்திரை இல்லை.

தம்பி நீங்கள் கொடிகாமத்தில் இருந்து கிளிநொச்சி போகிறீர்கள். அறுவடை நேரம் அந்த ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதற்கு மேலே பிரேக் பிடித்தால் மணல் மாதிரி வழுக்கும். இதைச் சொல்ல மெசின் இல்லை.

---

கொக்குவில் பௌதிகம் எழுதியது:

ஐயா, மகன் பூரணமாகக் குணமாகவேண்டும்.

தம்பிக்கு இன்னும் மூன்று எண்கள் மட்டும். கண்டு, கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் என்றும், காய்ந்த வீதியில் நல்ல ரயரில் ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 6 மீற்றர் குறைகிறது என்றும் எடுத்துக் கணக்குப் போட்டேன். 50இல் வந்தால் நிற்க ஏறத்தாழ 30 மீற்றர். 70இல் 51. 90இல் 77. இரவில் டிம் லைட்டில் உங்கள் வண்டி எத்தனை மீற்றருக்கு வெளிச்சம் அடிக்கிறது என்று ஒரு நாள் அடியெடுத்து அளந்து பாருங்கள்.

---

பனங்காட்டான் எழுதியது:

தம்பி, இன்னொன்று கேட்கிறேன். இரண்டு தண்டமும் எந்த இடத்தில்? பைக்குக்குக் குடிமனைப் பகுதியில் 50, வெளியில் 70. எத்தனையில் வந்தீர்கள் என்று சொன்னார்கள்?

---

வல்லைவெளிக் காற்று எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. இரண்டு தண்டத் துண்டையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்று கொடிகாமம் தாண்டுகிற இடத்தில் 66, மற்றது பளைக்குள் 64. இரண்டும் 50 பகுதி. வெளி ரோட்டில் ஒரு தரமும் பிடிபடவில்லை. வெளியில் 70இல் வந்த வேகத்திலேயே ஊருக்குள்ளும் வந்திருக்கிறேன். நீர்வேலி ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரவில் வல்லையால் இனி மெல்லத்தான் வருவேன்.

சித்தப்பாவிடம் அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மீற்றரில் சந்தேகம் இருக்கிறது. பின் ரயரைப் போன வருடம் மாற்றினேன். மீற்றர் குறைத்துக் காட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

---

கோண்டாவில் வயர்மன் எழுதியது:

போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டுகிற செயலி ஒன்றைப் போட்டு, பின்னால் ஒருவரை ஏற்றி அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காதீர்கள். விடியக்காலை நேர் ரோட்டில் 50இல் ஒரு நிமிடம் அசையாமல் ஓடுங்கள். வேகம் கூடிக் குறையும்போது ஜிபிஎஸ் பிந்தித்தான் காட்டும். பொதுவாக வண்டி மீற்றர் உண்மையை விடக் கூடத்தான் காட்டும். ஐக்கிய நாடுகளின் வாகன விதிப்படி குறைத்துக் காட்டவே கூடாது, உண்மையை விட 10 வீதமும் அதற்கு மேல் 4 கிலோமீற்றரும் வரை கூடலாம். முன் சில்லில் இருந்து மீற்றருக்கு வருகிற வண்டியென்றால் பின் ரயர் மாற்றியதால் ஒன்றும் ஆகாது.

---

வல்லைவெளிக் காற்று எழுதியது:

இன்று காலை தங்கச்சியைப் பின்னால் ஏற்றிப் பார்த்தேன். மீற்றரில் 50 என்றால் போனில் 47. மீற்றரில் 70 என்றால் 66. அப்படியென்றால் துண்டில் 66 என்று எழுதிய அன்று என் மீற்றர் 70 காட்டியிருக்கும். கண்ணால் கண்ட எண்ணை நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். வரும்போது எதிரே வந்த லொறிக்காரர் இரண்டு தரம் லைட் அடித்துக் காட்டினார். அரை மைல் தள்ளி, கொடிகாமம் சந்திக்கு முன்னால் நின்றார்கள். 48இல் தாண்டினேன்.

வயர்மன் அண்ணா, ஹோர்ன் வயரில் இருந்து ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் சுவிச்) போட்டு இன்னும் நல்ல பல்ப் ஒன்று பூட்டலாமா? கொக்குவில் சேர் சொன்ன மாதிரி இரவு அடியெடுத்து அளந்தேன். டிம்மில் 32 காலடி வைத்ததும் இருட்டு.

---

கோண்டாவில் வயர்மன் எழுதியது:

ஹோர்ன் வயர் ரிலேயை இழுப்பதற்கு மட்டும். பல்புக்குக் கரண்ட் பற்றரியில் இருந்து நேரே, தனிப் பியூஸோடு. பல்ப் மாற்ற முதல் ஹெட்லைட் கண்ணாடியை உள்ளே துடைத்து, சுவரில் அடித்து உயரத்தைச் சரி பாருங்கள். 32 காலடி என்றால் வெளிச்சம் நிலத்தில் குத்துகிறது, பல்பில் பிழை இல்லை. ஞாயிறு கொண்டு வாருங்கள், ஸ்குரூ ஒன்றுதான்.